கேட்பவர் முகம்

கணவனும் மனைவியும் தங்கள் படுக்கையறையில் இரவு நெடுநேரம் வரை ஒருவருக்கொருவர் விட்டுக்கொடுக்காமல் வாதாடுகிற ஒரு காட்சியைச் செவ்வனே தொகுப்பது, நூறு குதிரைகள் பாய்ந்து மோதுகிற யுத்தக் காட்சியைத் தொகுப்பதைக் காட்டிலும் கடினமான காரியம் என்று நான் சொன்னால், திரைப்படத் தொழிலுக்கு வெளியே இருக்கிறவர்கள் அதை எளிதில் நம்பமாட்டார்கள். யுத்தக் காட்சியில் எந்த இடத்தில் வெட்டினாலும் தூசியும் இரைச்சலும் வேகமும் சேர்ந்து இணைப்பை மறைத்துவிடும். ஆனால் நான்கு சுவர்களுக்கு நடுவே, ஒரு விளக்கின் வெளிச்சத்தில், இரண்டே பேர் உட்கார்ந்து பேசும்போது எடிட்டருக்கு ஒளிந்துகொள்ள இடமே கிடையாது. அரை விநாடி கூடினால் காட்சி சோர்ந்துபோகும். அரை விநாடி குறைந்தாலோ, உருக்கமாக இருக்க வேண்டியது விரஸமாகவும், ஹாஸ்யமாக இருக்க வேண்டியது வெறும் கேலியாகவும் மாறிவிடும்.

கோடம்பாக்கத்து எடிட்டிங் அறைகளில் ஆயுளின் பெரும்பகுதியைக் கழித்தவன் நான். தாம்பத்தியத்தைப் பற்றிய நகைச்சுவைக் காட்சிகளை எப்படித் தொகுக்க வேண்டும் என்பதை எனக்குத் தொழில் சொல்லிக் கொடுத்த பெரியவர்களிடமிருந்து ஓரளவும், 1969ஆம் ஆண்டில் அமெரிக்காவில் வெளிவந்த ஒரு படத்திலிருந்து மிகுதியாகவும் கற்றுக்கொண்டேன். ‘பாப் அண்ட் கேரல் அண்ட் டெட் அண்ட் ஆலிஸ்’ என்பது அந்தப் படத்தின் பெயர். இரண்டு தம்பதிகளின் பெயர்களையே வரிசையாகக் கோத்துத் தலைப்பாக்கியிருக்கிறார்கள். நம்மவர்களில் அதைக் கேள்விப்பட்டவர்கள் சிலர் உண்டு, பார்த்தவர்கள் சிலரே. கேள்விப்பட்டவர்களிலும் பலர், நான்கு பேர் ஒரே கட்டிலில் அமர்ந்திருக்கும் அதன் விளம்பரப் படத்தை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டு, அது ஏதோ ஒரு துணிச்சலான ஆபாசப் படம் என்ற அபிப்பிராயத்தோடு நின்றுவிட்டவர்கள். இது அந்தப் படத்துக்கு இழைக்கப்பட்ட அநீதி என்பது என் உறுதியான எண்ணம்.

படத்தை இயக்கியவர் பால் மஸர்ஸ்கி. நடிகராகத் தொழிலைத் தொடங்கி, பிறகு லாரி டக்கர் என்ற கூட்டாளியோடு சேர்ந்து தொலைக்காட்சிக்கு ஹாஸ்யம் எழுதி, பீட்டர் ஸெல்லர்ஸ் நடித்த ஒரு படத்துக்குத் திரைக்கதை அமைத்து, அதன்பின் முதன்முதலாகத் தாமே இயக்கிய படம் இது. கலிபோர்னியாவின் பிக் ஸர் கடற்கரையில் 1962ஆம் ஆண்டில் எஸலன் என்றொரு நிலையம் தொடங்கப்பட்டிருந்தது. மனத்தில் உள்ளதை ஒளிக்காமல் பேசுவது, அழுகை வந்தால் அழுவது, அந்நியரையும் கட்டித் தழுவுவது ஆகியவற்றால் மனிதன் தன்னைத்தானே அறிந்துகொள்ளலாம் என்ற நம்பிக்கையோடு படித்தவர்களும் வசதியுள்ளவர்களும் அங்கே கூடினார்கள். அங்கிருந்த பிரிட்ஸ் பேர்ல்ஸ் என்ற மனோதத்துவ நிபுணரைப் பற்றி ஒரு பத்திரிகையில் படித்துவிட்டு மஸர்ஸ்கி தம் மனைவியோடு அங்கே சென்று வந்தார். அந்தப் பிரயாணத்திலிருந்துதான் இந்தக் கதை முளைத்தது.

அந்தக் காலத்தின் நிலவரத்தையும் சற்று எண்ணிப் பார்க்க வேண்டும். கருத்தடை மாத்திரைக்கு அமெரிக்க அரசு 1960இல் அனுமதி அளித்திருந்தது. ஹாலிவுட்டின் பழைய ஒழுக்க விதிகளை 1968 நவம்பரில் ஒதுக்கிவிட்டு, இன்னின்ன வயதினர் பார்க்கலாம் என்று படங்களுக்குத் தரம் குறிக்கிற புதிய முறையைக் கொண்டுவந்தார்கள். 1969 செப்டம்பரில் நியூயார்க் திரைப்பட விழாவின் தொடக்கப் படமாக இது திரையிடப்பட்ட அதே மாதத்தில், கலிபோர்னியாவின் ஆளுநராக இருந்த, தாமே ஒரு காலத்தில் திரைப்பட நடிகராக விளங்கிய ரொனால்ட் ரீகன், கணவன் மனைவி இருவரில் எவர் மீதும் குற்றம் நிரூபிக்காமலே விவாகரத்து பெற வழிசெய்யும் சட்டத்தில் கையெழுத்திட்டார். இத்தனை மாறுதல்களும் பத்து ஆண்டுகளுக்குள் ஒரு சமூகத்தின் தலைமீது வந்து விழுந்தன. வாலிபர்கள் அவற்றை உற்சாகத்தோடு ஏற்றுக்கொண்டார்கள். வயோதிகர்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். நடுவில் அகப்பட்டுக்கொண்டவர்கள், வீடும் வாகனமும் குழந்தையும் உத்தியோகமும் உள்ள, முப்பது வயதைத் தாண்டிய தம்பதிகள். புதுமையில் பின்தங்கிவிடுவோமோ என்ற அச்சம் அவர்களுக்கு ஒரு பக்கம். கட்டிக் காத்த குடும்பம் குலைந்துவிடுமோ என்ற அச்சம் மற்றொரு பக்கம். அவர்களைப் பற்றியதே இந்தப் படம்.

ஒரு திரைப்படச் சங்கத்தார் பிரிவ்யூ தியேட்டர் ஒன்றை வாடகைக்கு எடுத்து இதைத் திரையிட்டபோது நான் முதலில் பார்த்தேன். நான் அப்போது உதவி எடிட்டர். கதையைத் தொடர்ந்து செல்லும் அளவுக்கு ஆங்கிலம் தெரியுமே ஒழிய, விரைவாகப் பேசுகிற அமெரிக்க உச்சரிப்பு பாதிக்கு மேல் பிடிபடவில்லை. அது ஒருவகையில் நன்மையாகவே முடிந்தது என்று இப்போது தோன்றுகிறது. சொற்கள் நழுவிப்போன இடங்களில் என் கண்கள் முகங்களைப் பற்றிக்கொண்டன. அந்த முகங்களைப் பார்த்தே நான் சிரிக்க வேண்டிய இடங்களில் சிரித்தேன். வசனம் முழுவதும் புரிந்தவர்களும் பெரும்பாலும் அதே இடங்களில்தான் சிரித்தார்கள். ஹாஸ்யத்தின் பெரும்பங்கு வசனத்தில் இல்லையென்றால் அதை இங்கே கொண்டுவந்து வைத்தது யார் என்ற கேள்வி அன்றைக்கு எனக்குள் எழுந்தது. எடிட்டரின் பெயரைத் தேடித் தெரிந்துகொண்டேன்: ஸ்டூவர்ட் பாப்பே. மஸர்ஸ்கியின் அடுத்த படத்தையும், பின்னாளில் 1978இல் வந்த ‘ஆன் அன்மேரிட் உமன்’ படத்தையும் தொகுத்தவர் அவரே.

கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பாப் ஆவணப்படம் எடுப்பவன். தன் தொழில் நிமித்தம் எஸலன் போன்றதொரு நிலையத்துக்கு மனைவி கேரலோடு செல்கிறான். வேடிக்கை பார்க்கப் போனவர்கள், இரவும் பகலுமாக நடக்கும் அந்தக் கூட்டத்தில் தாங்களும் கண்ணீர்விட்டு, மனம் மாறித் திரும்புகிறார்கள். இனிமேல் எதையும் மறைப்பதில்லை, எதற்கும் வெட்கப்படுவதில்லை என்பது அவர்களுடைய புதிய சித்தாந்தம். அவர்களுடைய நெருங்கிய நண்பர்கள் வழக்கறிஞனான டெட்டும் அவன் மனைவி ஆலிஸும். இவர்கள் பழைய பழக்கங்களில் ஊறியவர்கள். பாப் வெளியூரில் ஒரு பெண்ணோடு உறவுகொண்டுவிட்டுத் திரும்பி வந்து, புதிய சித்தாந்தத்துக்கு இணங்க அதை மனைவியிடம் ஒப்புக்கொள்கிறான். அவளும் அதே சித்தாந்தத்துக்கு இணங்க, கோபிக்காமல் ஏற்றுக்கொள்கிறாள். இந்தச் செய்தி நண்பர்களின் குடும்பத்தில் போய் விழுந்து அங்கே என்ன செய்கிறது என்பதே மேற்கொண்டு நடப்பது.

பாப் ஒப்புக்கொள்கிற அந்தக் காட்சியை எடுத்துக்கொள்வோம். சாதாரணமாக எந்த எடிட்டரும், ஒரு பெரிய ரகசியத்தை வெளியிடுகிறவன் மீதே காமிராவை வைத்திருக்க விரும்புவான். சொல்லுகிறவனுக்குத்தானே தவிப்பு, அவனுக்குத்தானே வசனம் என்ற நியாயம் கையை அந்தப் பக்கம் இழுக்கும். ஆனால் இந்தக் காட்சியின் உயிர் கேட்கிறவளிடத்தில் இருக்கிறது. நடாலி வுட் என்ற அருமையான நடிகை, கேட்ட செய்தியால் துயரப்பட வேண்டிய ஒரு முகத்தையும், துயரப்படுவது பத்தாம்பசலித்தனம் என்று தீர்மானித்துவிட்ட மற்றொரு முகத்தையும் ஒரே சமயத்தில் தாங்கிக்கொண்டிருக்கிறாள். அவளுக்குக் கோபம் வரவில்லையே என்று கடைசியில் கணவன் கலங்குகிறான். பொறாமைப்படாத மனைவியை வேண்டியவனுக்கு அவள் பொறாமைப்படாததே பொறுக்கவில்லை. இந்த இடத்தில் சபை முழுவதும் சிரிக்கிறது. அந்தச் சிரிப்பில் எவருடைய மானமும் போகவில்லை. ஏனென்றால் அந்த இருவரும் ஒருவரையொருவர் நேசிக்கிறார்கள் என்பதை, அவர்கள் மாறி மாறிக் கேட்டுக்கொண்டிருந்த விதத்திலிருந்தே நாம் தெரிந்துகொண்டுவிட்டோம்.

எங்கள் தொழிலின் நுட்பத்தை இங்கே கொஞ்சம் விளக்கமாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. 35 மில்லிமீட்டர் பிலிமில் ஓர் அடிக்குப் பதினாறு பிரேம்கள். திரையில் ஒரு விநாடிக்கு ஓடுகிறவை இருபத்துநான்கு. நிமிஷத்துக்குத் தொண்ணூறு அடி. மூவியோலா என்கிற இயந்திரத்தின் முன் நின்றோ உட்கார்ந்தோ, காலால் பெடலை மிதித்து, உள்ளங்கையளவு கண்ணாடித் திரையில் படத்தையும் பக்கத்தில் தனியாக ஓடுகிற ஒலிச்சுருளையும் சேர்த்து ஓட்டிப் பார்ப்போம். வெட்ட வேண்டிய இடம் வந்ததும் நிறுத்தி, பிலிம் மீது மெழுகுப் பென்சிலால் கோடு இழுப்போம். வெட்டியெடுத்த துண்டுகள் ஷாட் எண்ணும் டேக் எண்ணும் எழுதப்பட்டு, துணி விரித்த தொட்டிக்கு மேலே ஊசிகளில் வரிசையாகத் தொங்கும். இருவர் பேசுகிற காட்சிக்குப் பொதுவாக ஒரு மாஸ்டர் ஷாட்டும், ஒருவர் தோளுக்கு மேலாக மற்றவர் முகத்தைக் காட்டுகிற சஜஷன் ஷாட்டுகளும், இரண்டு பக்கத்துக் குளோசப்புகளும் கிடைக்கும். சஜஷன் ஷாட்டில் பேசாமலிருக்கிறவருடைய முகத்தை டைரக்டர் எடுத்திருப்பார். ஆனால் வசனம் இல்லாத காரணத்தால் அது முதலில் தொட்டிக்குத்தான் போகும்.

எனக்குத் தொழில் கற்றுக்கொடுத்த பெரியவர் ஒரு பழக்கம் வைத்திருந்தார். முதல் கட்டில் பேசுகிறவர் மீது தொகுத்து முடித்தபின், காட்சியை மீண்டும் ஓட்டி, ஒவ்வொரு வசனத்தின் கடைசி இரண்டு மூன்று சொற்களை மாத்திரம் கேட்கிறவர் முகத்தின் மீது தள்ளுவார். நாங்கள் அதை ஓவர்லாப் என்போம். சொல் ஒருவருடையது, முகம் மற்றவருடையது. அந்தச் சொற்கள் போய்த் தைக்கிற கணத்தைச் சபையோர் கண்ணால் பார்க்கிறார்கள். வசனம் முடிந்து எட்டு பிரேம்கள் அந்த முகம் நின்றால் அவர் கேட்டுக்கொண்டார் என்று பொருள். இருபது பிரேம்கள் நின்றால் அவர் எதையோ மறைக்கிறார் என்று பொருள். ஒரு விநாடிக்குள் அடங்குகிற வித்தியாசந்தான் இது.

குடும்பக் கதை ஒன்றில், புதிதாக மணமான பெண், தான் கல்யாணத்துக்கு முன்பு வேறொருவனை விரும்பியிருந்ததைக் கணவனிடம் சொல்லுகிற காட்சி வந்தது. அவன் படித்தவன், பெண் விடுதலை பற்றி நண்பர்களிடம் நிறையப் பேசுகிறவன். அவள் சொல்லி முடித்ததும் “ரொம்ப சந்தோஷம், இதிலே என்ன இருக்கு” என்கிறான். எல்லோரும் அவள் முகத்தின் மீதே காட்சியை அமைக்க எண்ணியிருந்தார்கள். தொட்டியில் தேடியபோது, அவள் பேசுகிற நேரம் முழுவதும் அவன் கையிலிருந்த செய்தித்தாளை மடித்து, பிரித்து, மறுபடி மடித்துக்கொண்டே இருந்த ஒரு சஜஷன் ஷாட் அகப்பட்டது. நடிகருக்கு யாரும் அதைச் சொல்லிக் கொடுத்திருக்கவில்லை. நான் அதைச் சேர்த்து ஓட்டிக்காட்டினேன். பணம் போட்டவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்.

“என்னங்க இது, வசனம் அந்தப் பொண்ணு பேசுது, நீங்க இவரைக் காட்டிக்கிட்டு இருக்கீங்க? எடுத்துடுங்களேன்.”

“எடுத்துடலாங்க. ஆனா இவர் பேப்பரை மடிக்கிறதைப் பார்க்கலேன்னா, ‘ரொம்ப சந்தோஷம்’ங்கும்போது யாரும் சிரிக்கமாட்டாங்க.”

டைரக்டர் என் பக்கம் நின்றார், ஷாட் இருந்துவிட்டது. தியேட்டரில் அந்த இடத்தில் பெண்கள் பகுதியிலிருந்துதான் சிரிப்பு முதலில் எழுந்தது. அவர்கள் அந்தச் செய்தித்தாளைத் தங்கள் வீட்டிலும் பார்த்திருக்க வேண்டும்.

அமெரிக்கப் படத்துக்குத் திரும்புகிறேன். பாப் செய்ததைக் கேரலே பெருமையோடு நண்பர்களிடம் வெளியிட்ட அன்றிரவு, டெட்டும் ஆலிஸும் தங்கள் வீட்டுக்குத் திரும்பி வந்து படுக்கப் போகிற காட்சியே அந்தப் படத்தின் சிகரம் என்பது என் அபிப்பிராயம். ஆலிஸுக்கு மனம் கொதிக்கிறது. தன் தோழிக்கு நேர்ந்த அவமானத்தை நினைத்துக் குமுறுகிறாள். அதைவிட, அந்தத் தோழி அதை அவமானமாகவே கருதவில்லையே என்று குமுறுகிறாள். டெட்டோ அந்தச் செய்தியால் வேறொரு விதமாகக் கிளர்ச்சியடைந்திருக்கிறான். அவனுக்கு மனைவி வேண்டும். அவளுக்கு இன்றைக்கு மனமில்லை. இவ்வளவுதான் விஷயம். அவன் கெஞ்சுகிறான், சமாதானம் சொல்கிறான், கோபித்துக்கொள்கிறான், திரும்பவும் கெஞ்சுகிறான். தன்னிடத்தில் விருப்பமே இல்லாதபோதும் அவனுக்கு அது சம்மதந்தானா என்று அவள் கேட்கிறாள். சம்மதம் என்று அவன் உண்மையைச் சொல்லிவிடுகிறான்.

ஒரு நகைச்சுவைப் படத்தின் நடுவே இந்தக் கேள்வியைக் கொண்டுவந்து வைத்ததற்காகவே மஸர்ஸ்கியையும் டக்கரையும் வணங்கலாம். விவாகமான பெண்ணுக்கும் மறுக்கும் உரிமை உண்டு என்று 1969இல் அமெரிக்காவிலேயே சட்டம் சொல்லவில்லை. ஆனால் ஆலிஸ் மறுக்கிறாள். அவள் மறுப்பதை அந்தக் காட்சி கௌரவத்தோடு கேட்கிறது. டெட்டையும் கொடியவனாக்கவில்லை. ஆசையோடும் சங்கோசத்தோடும் தடுமாறுகிற ஒரு நல்ல மனிதனாகவே அவனைக் காட்டுகிறது. இந்தச் சமநிலையைக் காப்பாற்றியவர்கள், டெட்டாக நடித்த எலியட் கூல்டும், ஆலிஸாக நடித்த டையான் கேனனும், அவர்களை அவசரப்படுத்தாமல் விட்ட எடிட்டரும். இருவரும் ஒரே பிரேமுக்குள் நெடுநேரம் இருக்கிறார்கள். ஒருவர் பேசும்போது மற்றவர் என்ன செய்கிறார் என்று நாமே தேர்ந்து பார்க்கலாம். வசனத்துக்கு வசனம் வெட்டியிருந்தால் அது சண்டையாகியிருக்கும். சண்டையானால் சபை கட்சி பிரிந்துவிடும். அப்படி நேராமல், நாம் அந்த அறையில் மூன்றாவது மனிதராக, போகவும் முடியாமல் இருக்கவும் முடியாமல் நிற்கிறோம். சிரிப்பு வருகிறது; சிரித்துக்கொண்டிருக்கும்போதே ஆலிஸுக்காக மனம் கனக்கிறது.

அந்த ஆண்டின் ஆஸ்கார் பரிசுகளுக்குக் கூல்டும் கேனனும் துணைப் பாத்திரப் பிரிவுகளில் முன்மொழியப்பட்டார்கள். திரைக்கதையும் ஒளிப்பதிவும் சேர்ந்து மொத்தம் நான்கு முன்மொழிவுகள். பரிசு ஒன்றும் கிடைக்கவில்லை. ஒளிப்பதிவு செய்த சார்லஸ் லாங் அப்போது அறுபதைக் கடந்தவர். 1959இல் வந்த ‘ஸம் லைக் இட் ஹாட்’ என்ற புகழ்பெற்ற ஹாஸ்யப் படத்துக்கும் அவரே ஒளிப்பதிவாளர். புதுமைகளைப் பேசுகிற ஒரு படத்துக்குப் பழைய ஹாலிவுட்டின் கைதேர்ந்த ஒருவர் வெளிச்சம் அமைத்தது நல்ல பொருத்தம். அந்த வீடுகளும் உடைகளும் கழுத்தில் பாப் அணிகிற மணிமாலையும் கண்ணுக்கு இனிமையாக இருப்பதால், அந்த மனிதர்களை இகழ நமக்கு மனம் வருவதில்லை.

ஆலிஸ் மனோதத்துவ மருத்துவரிடம் செல்லும் காட்சியில் டாக்டராக அமர்ந்திருப்பவர் நடிகரல்லர். டொனால்ட் முகிச் என்ற உண்மையான மனநல மருத்துவர், மஸர்ஸ்கிக்கே சிகிச்சை அளித்தவர். அவர் மிகக் கொஞ்சமாகப் பேசுகிறார். கேட்டுக்கொண்டிருப்பதே அவருடைய ஜீவனம். நடிகராக இருந்திருந்தால் தலையசைத்திருப்பார், புருவம் உயர்த்தியிருப்பார், தானும் ஏதோ செய்வதாகக் காட்டியிருப்பார். இவர் ஒன்றும் செய்வதில்லை. அந்த அசையாத முகத்துக்கு முன்னால் ஆலிஸ் தன் வாயாலேயே தன்னை அவிழ்த்துக்கொண்டே போகிறாள். அந்த முகத்துக்கு எவ்வளவு நேரம் கொடுப்பது என்று பாப்பே எப்படித் தீர்மானித்திருப்பார் என்று யோசித்து யோசித்து நான் வியந்ததுண்டு. பின்னாளில் வீட்டிலேயே நிறுத்தி நிறுத்திப் பார்க்கும் வசதி வந்தபோது, முதலில் நான் நிறுத்திப் பார்த்தது இந்தக் காட்சியைத்தான்.

கேரல் தன் டென்னிஸ் ஆசிரியனோடு இருக்கையில் பாப் எதிர்பாராமல் வீடு திரும்புகிற காட்சியும் வேடிக்கையானதே. தான் செய்ததை மனைவி மன்னித்தாள் என்பது நினைவுக்கு வரும்வரை அவன் ஆத்திரப்படுவதும், நினைவுக்கு வந்தபின் அந்த அந்நியனோடு உட்கார்ந்து மது அருந்துவதும் நன்றாகவே அமைந்திருக்கின்றன. ஆயினும் மேடை நாடகங்களில் நாம் பலமுறை பார்த்த அமைப்பு அது. அதில் எடிட்டருக்குப் பெரிய வேலையில்லை.

தாம்பத்தியத்தின் நெருக்கத்தைத் திரையில் எவ்வளவு தூரம் காட்டலாம் என்ற பிரச்னை, அந்தப் படம் வெளியான ஆண்டிலேயே நம் நாட்டிலும் எழுந்தது. நீதிபதி ஜி. டி. கோஸ்லா தலைமையில் அமைந்த தணிக்கை விசாரணைக் குழு 1969இல் தன் அறிக்கையைக் கொடுத்தது. கதைக்கு இன்றியமையாததாக இருந்தால் முத்தத்தையும் தடைசெய்ய வேண்டியதில்லை என்று அது கருதியது. மறு ஆண்டில், கே. ஏ. அப்பாஸ் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் தணிக்கை முறையை ஏற்றுக்கொண்டதாயினும், பாலுணர்வைப் பற்றிப் பேசுவதெல்லாம் ஆபாசமாகிவிடாது என்பதையும் எடுத்துக்காட்டியது. அறிக்கையும் தீர்ப்பும் வந்தபின்பும் எடிட்டிங் அறையில் நாங்கள் கண்டது பெரும்பாலும் பழைய நடைமுறையையே. இத்தனை அடி குறைக்க வேண்டும் என்று கடிதம் வரும். குறைக்கச் சொன்னது ஒரு கணவன் மனைவியின் தோளில் கைவைக்கிற ஷாட்டாக இருக்கலாம். அந்த ஷாட் போனால், அடுத்த வசனத்துக்கு அவள் ஏன் புன்னகை செய்கிறாள் என்பதற்குக் காரணம் போய்விடும். அதே ரீலில், மனைவியை அடித்துத் திருத்துகிற கணவனைக் காட்டும் ஹாஸ்யம் சேதமில்லாமல் தப்பிவிடும். அன்பின் அடையாளத்தை அளந்து வெட்டிவிட்டு அடியை வேடிக்கையாக விட்டுவைக்கிற வழக்கத்தை நான் அன்றும் வெறுத்தேன், இன்றும் வெறுக்கிறேன். இளம் தம்பதிகள் இருட்டில் அமர்ந்து பார்க்கிற இடம் தியேட்டர். அங்கே அவர்கள் சிரித்துக்கொண்டே எதைக் கற்றுக்கொள்கிறார்கள் என்பது சிறிய விஷயமல்ல.

இனி அந்த அமெரிக்கப் படத்தின் முடிவைப் பற்றிச் சொல்ல வேண்டும். அதைப் பற்றித்தான் சர்ச்சை அதிகம். நால்வரும் டோனி பென்னட்டின் கச்சேரி கேட்க லாஸ் வேகாஸுக்குச் செல்கிறார்கள். ஹோட்டல் அறையில் பேச்சு வளர்ந்து, டெட்டும் தான் வெளியூரில் ஒரு பெண்ணோடு இருந்ததை ஒப்புக்கொள்ள, அதுவரை பழைய ஒழுக்கத்தைக் கட்டிக்காத்த ஆலிஸ் பொறுமை இழக்கிறாள். இதுதானே எல்லோர் மனத்திலும் இருக்கிறது, செய்துவிடுவோம் என்று அவள் தன் ஆடையைக் களையத் தொடங்குகிறாள். ஆண்கள் இருவரும் தயங்குகிறார்கள். ஆயினும் நால்வரும் ஒரே கட்டிலில் வந்து சேர்கிறார்கள். இணைகள் மாறி முத்தமிடுகிறார்கள். பிறகு, ஒருவரும் ஒன்றும் சொல்லாமல், அது அப்படியே நின்றுபோகிறது. ஆடைகளை உடுத்திக்கொண்டு வெளியே வருகிறார்கள். வாசலில் பல நாட்டவரும் பல வயதினருமான ஒரு கூட்டம் ஜோடி ஜோடியாக நடக்கிறது. எதிரில் வருகிறவரின் கண்ணைக் கண் பார்த்து எல்லோரும் கடந்து செல்கிறார்கள். பின்னணியில் ஜாக்கி டிஷானன் பாடுகிறார்.

துணிந்தவர்கள் இதைக் கோழைத்தனம் என்றார்கள். இவ்வளவு தூரம் அழைத்து வந்துவிட்டுக் கதவைச் சாத்திவிட்டார் மஸர்ஸ்கி என்று குறைபட்டார்கள். ஒழுக்கம் பேசியவர்களோ, இவ்வளவு தூரம் போனதே தவறு என்றார்கள். இரண்டு தரப்பாரும் அந்தக் கட்டில் காட்சியைச் சரியாகப் பார்க்கவில்லை என்பது என் முடிவு. அந்த நால்வரை நிறுத்தியது சட்டமுமன்று, மத போதனையுமன்று, டைரக்டரின் அச்சமுமன்று. அந்நியரின் முகத்தை இவ்வளவு அருகில் பார்த்ததும், அதில் தமக்குத் தெரிந்த முகம் இல்லை என்பதை அவரவர் தாமாகவே கண்டுகொண்டார்கள். அதை ஒருவர் எழுந்து வசனமாகச் சொல்லியிருந்தால் போதனையாக முடிந்திருக்கும். அவர்கள் பேசவில்லை. தொகுப்பாளரும் அவர்களுக்கு வேண்டிய அவகாசத்தைக் கொடுத்துவிட்டார். படம் நெடுகிலும் ஓயாமல் பேசிக்கொண்டிருந்தவர்களுக்கு அந்த மௌனம் சொந்தமாகக் கிடைத்தது. அவர்கள் அதைச் சம்பாதித்திருந்தார்கள்.

சபையும் அதை ஒப்புக்கொண்டது. ஏறத்தாழ இருபது லட்சம் டாலர் செலவில் எடுக்கப்பட்ட அந்தப் படம் முதலைப் பலமடங்காகத் திருப்பிக் கொடுத்தது. சம்பளத்துக்குப் பதிலாக வசூலில் பங்கு கேட்டு வாங்கிய நடாலி வுட் அதனால் பெருந்தொகை பெற்றார். அதே பெயரில் 1973இல் ஒரு தொலைக்காட்சித் தொடரும் வந்தது. அது சில வாரங்களே ஓடி நின்றுபோயிற்று. பெயரையும் பாத்திரங்களையும் எடுத்துக்கொண்டவர்களுக்கு அந்த நிதானம் கைவரவில்லை போலும்.

இப்போது கம்ப்யூட்டரில் தொகுக்கிறார்கள். தொட்டியும் ஊசியும் போய்விட்டன. வெட்டுவது மிகவும் எளிதாகிவிட்டபடியால் மிக அதிகமாக வெட்டுகிறார்கள். கணவனும் மனைவியும் பேசிச் சிரிக்கிற காட்சிகூடத் துப்பாக்கிச் சண்டையின் வேகத்தில் ஓடுகிறது. கருவிகளின் மேல் எனக்குக் குறையில்லை. எங்களுக்குக் கிடைக்காத வசதிகள் இன்றைய பிள்ளைகளுக்குக் கிடைத்திருப்பதில் மகிழ்ச்சியே. அவர்களிடம் நான் கேட்டுக்கொள்வது ஒன்றே. தம்பதிகளைப் பற்றிய ஒரு நகைச்சுவைக் காட்சி உங்கள் கைக்கு வரும்போது, டெட்டும் ஆலிஸும் படுக்கையறையில் பேசுகிற அந்தக் காட்சியை முதலில் ஒலியோடு ஒருமுறை பாருங்கள். பிறகு ஒலியை முழுவதும் அடக்கிவிட்டு, பேசாமலிருக்கிறவரை மாத்திரம் பார்த்துக்கொண்டு மறுமுறை பாருங்கள். அதன்பின் உங்கள் காட்சிக்குத் திரும்பி, வேண்டாமென்று ஒதுக்கிவைத்த ஷாட்டுகளையெல்லாம் மறுபடி ஒருதரம் திறந்து ஓட்டுங்கள்.